அப்பா வீட்டு அடையாளம்

லவீனா டாக்கெட் தன் வாழ்நாளில் செய்த ஒரே திருட்டு, புருஷன் வீட்டுப் பன்றிகளை அப்பாவுக்குத் திருடிக் கொடுத்ததுதான் என்று எங்கள் குடும்பத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அதைக்கூட அவள் தெரியாமல்தான் செய்தாள். ஒன்பது பிள்ளை பெற்று, ஏழு பேரைக் கரையேற்றி, எண்பது வயதுக்கு மேலும் விறகு பிளந்த மனுஷிக்கு அந்த ஒரு திருட்டுதான் பேராக நின்றது. ஊர் என்றால் அப்படித்தான். நாற்பது வருஷம் சுட்ட ரொட்டி மறந்துபோகும், ஒருநாள் கருகினது மறக்காது.

இண்டியானாவின் தெற்கு மலைக்காட்டில், சைக்கமோர் ஓடையின் கிழக்குக் கரை அவள் அப்பா எஃப்ரெய்ம் ஸ்டாம்பருடையது. மேற்குக் கரை டாக்கெட்டுகளுடையது. இரண்டு குடும்பமும் கரோலினாவிலிருந்து ஒரே வண்டி வரிசையில் மலை தாண்டி வந்தவை. லவீனாவின் அம்மா வந்த இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு எஃப்ரெய்ம் மகளை மகன் மாதிரி வளர்த்தார். கலப்பை பிடிப்பது, தோல் உரிப்பது, பன்றிக்குட்டிக்குக் காது வெட்டுவது எல்லாம் அவள் கைக்கு வந்தன. தையல்தான் வரவில்லை.

காது வெட்டு இல்லாமல் அங்கே பன்றி இல்லை. யாரும் பட்டி கட்டித் தீனி போடுவது கிடையாது. காட்டில் ஓக் மரங்கள் கொட்டைகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். எல்லார் பன்றியும் ஒன்றாக மேயும். எது எவருடையது என்று காதுதான் சொல்லும். ஸ்டாம்பர் பன்றிக்கு வலது காதின் நுனியை வெட்டி, இடது காதில் ஒரு பிளவு கீறியிருக்கும். டாக்கெட் பன்றிக்கு அப்படியே மாற்றி: இடது காதில் நுனி வெட்டு, வலது காதில் பிளவு. எஃப்ரெய்மும், டாக்கெட் வீட்டுப் பெரியவர் நேத்தனும் உயிருக்கு உயிரான சிநேகிதர்களாக இருந்த காலத்தில் சேர்ந்து உட்கார்ந்து வைத்துக்கொண்ட அடையாளங்கள் அவை.

அப்புறம் குதிரையில் ஒரு மெதடிஸ்ட் போதகர் வந்தார், சிநேகிதம் போயிற்று. எஃப்ரெய்ம் பாப்டிஸ்ட். விவரம் தெரிந்த வயதில் ஆளை ஓடையில் முழுசாக முக்கி எடுத்தால்தான் ஞானஸ்நானம் என்பது அவர் கட்சி. டாக்கெட்டுகள் மெதடிஸ்ட் பக்கம் சாய்ந்தார்கள். அங்கே கைக்குழந்தை நெற்றியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். இதற்காக வயதான ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். நேத்தன் செத்த பிறகும் எஃப்ரெய்ம் வீம்பை விடவில்லை. செத்தவரோடு வீம்பு பிடிப்பதில் ஒரு சௌகரியம், எதிராளி இறங்கி வந்துவிடுவான் என்ற பயமில்லை.

அந்தத் தெளிக்கிற வீட்டு மகன் ஆஷரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று லவீனா பத்தொன்பது வயதில் நின்றாள். கட்டிக்கொண்டாள். எஃப்ரெய்ம் மகளைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார். “ஒங்கப்பா வாழ்க்கைல தெளிச்சது அந்த ஒரு தடவதான்” என்று ஆஷர் சொல்லுவான். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு, ஓடைக்கு அக்கரையில் புகை தெரிகிறதா என்று பார்ப்பாள்.

கல்யாணமான அடுத்த வசந்தத்தில் ஆஷர் வெட்டிய மரம் அவன் காலிலேயே விழுந்து எலும்பு முறிந்தது. அவன் கட்டை கட்டிப் படுத்துவிட்டான். அதே சமயத்தில் பன்றிகள் குட்டி போட்டன. வீட்டில் இருந்த இன்னொரு ஆள் ஆஷரின் அக்கா ட்ரூசில்லா. கல்யாணம் ஆகாதவள், வீட்டுச் சாவி அத்தனையும் இடுப்பில் தொங்கும், பன்றியைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பாள். ஆகவே லவீனாதான், நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால், வயிற்றைத் தள்ளிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு குட்டியாகத் தொடையிடுக்கில் பிடித்துக் காது வெட்டினாள். குட்டிகள் ஊரைக் கூட்டின. தாய்ப்பன்றி பலகைக்கு அந்தப் பக்கம் முட்டிக்கொண்டு நின்றது. அவள் வேகவேகமாக வெட்டி, வெட்டுக்காயத்தில் சாம்பல் வைத்து, காட்டில் விட்டாள். நன்றாகத்தான் செய்தோம் என்று நினைத்தாள். செய்ததும் நன்றாகத்தான் இருந்தது.

கோடையில் பெண் குழந்தை பிறந்தது. கீசியா என்று பெயர் வைத்தார்கள். சாயங்காலங்களில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லவீனா காட்டோரம் நின்று பன்றிகளைக் கூப்பிடுவாள். கை நிறைய மக்காச்சோளம் இறைப்பாள். அப்படிப் பழக்கினால்தான் அவை காட்டோடு காடாகிப் போகாமல் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூப்பாடு உண்டு. பன்றி தன் வீட்டுக் கூப்பாட்டுக்கு மட்டும்தான் வரும்; பக்கத்து வீட்டுக்காரன் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. தினமும் அவை வந்தன, தின்றன, போயின. தினமும் அவள் அந்தக் காதுகளைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

இலை உதிர்ந்து, காலையில் புல்மேல் பனி வெள்ளையாகப் படிய ஆரம்பித்தபோது ஆஷர் கோல் ஊன்றி எழுந்தான். முதல் காரியமாக, பன்றி எப்படிக் கொழுத்திருக்கிறது என்று பார்க்க அவளோடு காட்டோரம் வந்தான். குளிர் இறுகியதும் அறுக்க வேண்டும். உப்புக்கண்டம், கொழுப்பு, சோப்பு, அடுத்த அறுவடை வரைக்கும் வீட்டின் உயிர் அந்தப் பன்றிகளில்தான் இருந்தது. அவள் கூப்பிட்டாள். அவை உருண்டு புரண்டு வந்தன. ஆஷர் வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

“லவீனா.”

“என்ன? நல்லாக் கொழுத்திருக்குல்ல?”

“யார் பன்னி இது?”

“இதென்ன கேள்வி? நம்ம பன்னிதான்.”

“காதப் பாரு.”

அவள் பார்த்தாள். வலது காதில் நுனி வெட்டு. இடது காதில் பிளவு. தினமும் பார்த்த அதே காது. பிறந்ததிலிருந்து பார்த்த காது. அதனால்தான் கண்ணை உறுத்தவில்லை. ஏழு வயதிலிருந்து அப்பாவின் பன்றிகளுக்கு வெட்டிய கை, யோசிக்கவும் விடாமல் அப்பாவின் அடையாளத்தையே வெட்டியிருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவளுக்குப் புருஷன் வீடு வரைக்கும் வந்து மானத்தை வாங்கியது.

“அய்யோ” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷத்துச் சாப்பாட்டைத் தன் கையால் தூக்கி அக்கரைக்குக் கொடுத்திருக்கிறாள். சட்டமும் காதைத்தான் கேட்கும். அடையாளம் எவனுடையதோ பன்றி அவனுடையது.

வீட்டுக்குப் போனதும் ட்ரூசில்லா விஷயத்தைக் கேட்டு, சாவிக்கொத்தை ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

“பொறந்த வீட்டுக்குச் சீர் அனுப்பியாச்சாக்கும்? உலகத்துல பொண்ணு வீட்லேர்ந்துதான் சீர் வரும். இங்க எல்லாம் தலைகீழ்.”

“மதினி, சத்தியமா எனக்குத் தெரியாது.”

“தெரியாமத்தான் ஒண்ணுவிடாம அத்தனையும் ஒரே மாதிரி வெட்டினியா?”

“அக்கா, விடு” என்றான் ஆஷர்.

“நான் விட்டா வயிறு விடுமா? கத்தி இருக்குல்ல? வலதுல ஒரு பிளவு, இடதுல நுனி வெட்டு. ரெண்டு காதுலயும் ரெண்டும் இருந்துட்டுப் போகுது. யாரு வந்து குனிஞ்சு பார்க்கப் போறா?”

ஆஷர் கத்தியை எடுக்கத்தான் செய்தான். கட்டைவிரலால் கூர் பார்த்தான். லவீனா அவன் கையைப் பிடித்தாள். வெட்டின காதின்மேல் வெட்டு விழுந்தால் அது ஒரே ஒரு ஆளின் அடையாளம், திருடனுடையது. அந்தக் காட்டில் குதிரை திருடினவனைக்கூடக் கொஞ்ச நாளில் மறப்பார்கள். காது மாற்றி வெட்டினவனோடு மட்டும் யாரும் சேர்ந்து களஞ்சியம் கட்ட வரமாட்டார்கள், அவன் பிள்ளைக்குப் பெண்ணும் தரமாட்டார்கள்.

“வேண்டாங்க. என் தப்பு. நான் போய் எங்கப்பாகிட்ட சொல்றேன்.”

“கல்யாணத்துலேர்ந்து உன் மொகத்துல முழிக்காத மனுஷன்” என்றான் ஆஷர். “நீ போய்ச் சொன்னதும் ‘எடுத்துக்கோ மகளே’ன்னு குடுத்துருவாராக்கும்?”

அப்படிச் சொன்னாலும் ஆஷர் கத்தியைத் திரும்ப உறையில் போட்டான். அதற்காகவே அவனை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும். வேறு பெரிய காரியம் எதுவும் அவன் செய்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் போய்க் கூப்பிட்டபோது ஒரு பன்றியும் வரவில்லை. கிழக்கு மேட்டில் அப்பாவின் நாய்கள் குரைப்பது கேட்டது. எஃப்ரெய்ம் தன் அடையாளம் போட்ட பன்றிகளை ஓட்டிச் சேர்க்கிறார். லவீனா வீட்டுக்குக்கூடத் திரும்பவில்லை. இடுப்பில் குழந்தையோடு ஓடைக் கற்களில் கால்வைத்து அக்கரை ஏறினாள்.

எஃப்ரெய்ம் பட்டிக் கதவுக்கு மரக்கட்டை சொருகிக்கொண்டிருந்தார். பட்டி நிறையப் பன்றி. நடுவில் இவளுடையவை, குட்டிகளை விடாமல் பின்னாலேயே வந்துவிட்ட கறுப்புத் தாய்ப்பன்றியோடு ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, விருந்துக்குத் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவர்கள் போல விழித்தன. அவர் நிமிர்ந்தார். தாடி முன்னைவிட வெளுத்திருந்தது. அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி கட்டையைச் சொருகினார்.

“அப்பா.”

“ம்.”

“இதுல எங்க பன்னியும் இருக்கு.”

“எது?”

“ஒங்க அடையாளம் போட்டதுலதான். நான்தான் வெட்டினேன். கை பழக்கத்துல… அவருக்குத் தெரியாது. அவரு காலு ஒடிஞ்சு படுத்திருந்தாரு. அவரத் தப்பா நெனைக்காதீங்க.” அழக்கூடாது என்று நினைத்து வந்தவள், சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

எஃப்ரெய்ம் அவளை அழவிட்டார். பிறகு குழந்தைப் பக்கம் தாடியை நீட்டினார்.

“ஞானஸ்நானம் ஆச்சா?”

“ஆச்சு.”

“எவ்வளவு தண்ணி?”

“ஒரு கை.”

“அழுதுச்சா?”

“தூங்கிச்சு.”

“பின்னே. அவ்வளவு தண்ணிக்குத் தூக்கம்தான் வரும்.”

லவீனா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

“வைகாசி வாக்குலயே பார்த்துட்டேன்” என்றார் அவர். “டாக்கெட் வீட்டுக் கறுப்புத் தாய்ப்பன்னி பின்னால என் காதோட குட்டிங்க ஓடுது. திருடன் எவனாவது தன் பன்னிக்கு அடுத்தவன் அடையாளம் போடுவானா? ஒரு குட்டியப் பிடிச்சுப் பிளவப் பார்த்தேன். அடியில லேசாச் சாய்ஞ்சிருக்கு. நீ சின்னதுலேர்ந்து அப்படித்தான் சாய்ப்ப. எத்தன தடவ திட்டிருப்பேன்.” கட்டையைத் தட்டினார். “அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, நீ எந்திரிச்சு நடமாடுறன்னு. இங்க ஒருத்தன் உனக்குப் பிரசவம் கஷ்டமாயிருக்கும்னான், இன்னொருத்தன் பிழைக்க மாட்டன்னான். யார நம்புறது? குட்டிக்குக் காது வெட்டுறவ செத்துப்போயிருக்க மாட்டா.”

“ஒரு தடவ ஓடை தாண்டி வந்து பார்த்திருக்கலாமேப்பா.”

“தாண்டியிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். தன் தப்பை அந்த மனுஷன் அதற்குமேல் ஒப்புக்கொண்டதாக எங்கள் குடும்பத்தில் தகவல் இல்லை.

“அப்போ பன்னிய ஓட்டிட்டுப் போகட்டுமா?”

“முடியாது.”

அவள் பட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“காதுல என் அடையாளம். நீ பாட்டுக்கு ஓட்டிட்டுப் போனா நாளைக்கு எவனாவது பார்த்துட்டு, டாக்கெட் மாமனார் பன்னிய அறுக்குறான்னுவான். எனக்கு மருமகன் மெதடிஸ்டா இருக்கான், அதுவே போதும். திருடன்னு வேற பேரு வேண்டாம். மில்லுக்காரனக் கூப்பிடுறேன். உன் ஆளையும் வரச் சொல்லு. ஊரறியப் பிரிப்போம்.”

மருமகன் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டாள். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஆனாலும் பாதி உயிர்தான் திரும்பி வந்தது. பிரிப்பது என்றால் பன்றிதான் பிரிய வேண்டும், மனிதர்கள் சொல்லி ஆகாது. வழக்கு வந்த பன்றிகளை நடுவில் அவிழ்த்துவிட்டு, இரண்டு பக்கமும் நின்று கூப்பிடுவது அங்கே வழக்கம். எந்தக் குரலுக்குப் போகிறதோ அந்த வீட்டுப் பன்றி. பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டாலோ, அப்பா கூப்பாட்டுக்கு மந்தையோடு மந்தையாகப் போய்விட்டாலோ, அத்தோடு போச்சு.

மத்தியானத்துக்குள் மாவு மில் யார்ப்ரோ வந்துவிட்டார். அந்தப் பக்கத்து நியாயம் எல்லாம் அவர்தான் பேசுவார். பேசும்போது தாடியிலிருந்து மாவு உதிரும். ஆஷர் கழுதைமேல் வந்தான். ட்ரூசில்லா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தாள். பத்துப் பதினைந்து பேர் வேலைவெட்டியை விட்டுவிட்டு வேலியோரம் நின்றார்கள்.

“ரெண்டு பேரும் பட்டிலேர்ந்து சம தூரத்துல நில்லுங்க” என்றார் யார்ப்ரோ. “கையில சோளம் கூடாது. யாரும் கல்லு விடக்கூடாது. எஃப்ரெய்ம், நாயக் கட்டு. ஆஷர், நீதானே கூப்பிடணும்?”

“நான் கூப்பிட்டா வராதுங்க. ஆறேழு மாசமா அவதான் கூப்பிட்டா.”

“பொம்பள கூப்பிட்டாலும் பன்னி பன்னிதான். கூப்பிடும்மா.”

கதவு திறந்தது. பன்றிகள் வெளியே பீறிட்டு, நடுவெளியில் நின்று மூக்கை உயர்த்தின. லவீனா குழந்தையை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, ஓடைப் பக்கமாகத் தள்ளிப் போய் நின்றாள். கை காலை வாரிவிட்டதே, தொண்டையும் காலை வாரினால் என்ன செய்வது என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“பூ…கூ! பூ…கூ! பூ…”

அது டாக்கெட் வீட்டுக் கூப்பாடு. அடித்தொண்டையில் கிளம்பி, முடிவில் சிரிப்பு மாதிரி மேலே போகும். செத்துப்போன நேத்தன் கூப்பிட்ட கூப்பாடு. கல்யாணமான புதிதில் அது வராமல் அவள் பட்ட பாட்டுக்கு ஆஷர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். இன்று அது பிசிறில்லாமல் வந்தது.

கறுப்புத் தாய்ப்பன்றி திரும்பியது. ஒரு உறுமல். பிறகு மந்தையைப் பிளந்துகொண்டு ஓடி வந்தது. அதன் பின்னால் ஒன்று, இன்னொன்று, பிறகு மொத்தமாக, மண் பறக்க, லவீனாவின் காலடியில் வந்து மோதி நின்றன. ஒருத்தி கண்ணைத் திறக்கும்போது ஒரு வருஷத்துச் சாப்பாடு சுற்றி நின்று பாவாடையைக் கடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

சிநேகிதன் குரலை மகள் தொண்டையில் கேட்ட எஃப்ரெய்ம் என்ன நினைத்தாரோ. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“எஃப்ரெய்ம், நீயும் கூப்பிடு” என்றார் யார்ப்ரோ.

“ஊ…ஹோய்! ஊ…ஹோய்!”

மிச்சமிருந்த பன்றிகள் அவரிடம் ஓடின. அவற்றோடு லவீனாவின் பக்கத்திலிருந்த ஒரு சிவப்புக் குட்டியும் என்ன நினைத்ததோ, திரும்பி ஒரே ஓட்டமாக அவர் பக்கம் போய்ச் சேர்ந்தது. வேலியோரம் சிரிப்பு வெடித்தது.

“அவன் மட்டும் பாப்டிஸ்ட் ஆயிட்டான்” என்றார் எஃப்ரெய்ம். “தானா மனந்திரும்பி வந்தவன நான் விரட்ட மாட்டேன்.”

“முக்கிட்டீங்கன்னா திருப்பிக் கேக்க மாட்டோம் மாமா” என்று கழுதைமேலிருந்து ஆஷர் கத்தினான். மாமா என்று அவன் கூப்பிட்டதும் அன்றுதான் முதல் தடவை. எஃப்ரெய்ம் காதில் விழாததுபோல் இருந்தார். ஆனால் அந்த வருஷம் அந்தச் சிவப்புப் பன்றியின் தொடை இரண்டும் புகை போட்டு, டாக்கெட் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன.

யார்ப்ரோ தாடியைத் தட்டினார். “எல்லாரும் பார்த்தாச்சு. இந்த வருஷம் ஓடைக்கு மேக்கால இந்தக் காதோட போற பன்னி டாக்கெட்டுது. பேச்சு முடிஞ்சுது.”

“நான் அப்பவே சொன்னேன், நேராப் போய்ச் சொல்லிடலாம்னு” என்றாள் ட்ரூசில்லா. ஆஷர் தன் கத்தி உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

எஃப்ரெய்ம் தன் பன்றிகளை உள்ளே விட்டுக் கதவுக்குக் கட்டை சொருகினார். ஜனங்கள் கலைய ஆரம்பித்தார்கள். லவீனா குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பன்றிகளை ஓடைப் பக்கம் திருப்பினாள். முதல் பன்றி தண்ணீரில் கால் வைத்தபோது பின்னாலிருந்து மறுபடியும் அந்தக் குரல் வந்தது.

“ஊ…ஹோய்!”

“எல்லாந்தான் உள்ள போயிருச்சே” என்றார் யார்ப்ரோ. “இன்னும் எதக் கூப்பிடுறான் இவன்?”

லவீனா அதற்குள் திரும்பி, அப்பாவை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டிருந்தாள்.